கைதட்டுக்கு முந்தைய இருபத்திரண்டு வினாடி

செப்டம்பர் 1, ஞாயிறு

எங்கள் பெத்தேலூர் சபையின் நூற்றைம்பதாவது பிரதிஷ்டைப் பண்டிகை இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி. அதற்காகப் பாடகர் குழுத் தலைவர் தேவவரம் சார் ஒரு புதுக் கீர்த்தனை எழுதி மெட்டும் போட்டிருக்கிறார். குழுவில் பதினான்கு பேர். ஆறு பேர் இப்போது ஊரிலேயே இல்லை. சென்னை, மும்பை, கோவை என்று சிதறிக் கிடக்கிறார்கள். அதனால் அவரவர் வீட்டிலிருந்தே போனில் பாடி அனுப்புவதாக முடிவு. அதையெல்லாம் சேர்த்து, ஒரே திரையில் பதினான்கு கட்டங்களாக அடுக்கி, ஒரே கோயிலில் நின்று பாடுவதுபோல் ஆக்குவது என் வேலை.

இந்த ஊரில் கல்யாண வீடியோ என்றால் என் வீட்டுக்காரர் எட்வின் எடுப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். பதினைந்து வருடமாக இதுதான் பிழைப்பு. கேமராவைத் தூக்கிவிட்டால் எட்வினுக்குப் பசி தெரியாது. கீழே வைத்துவிட்டால் பசியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. போன வருடம் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றையும் நான் கற்றுக்கொண்டேன். படத்தை ஒன்றில் வெட்டுவேன், சத்தத்தை இன்னொன்றில் கழுவுவேன், பிறகு இரண்டையும் சேர்ப்பேன்.

ஆராதனை முடிந்ததும் சார் என்னைக் கூப்பிட்டு, இரண்டாம் சரணம் ஒருவர் தனியாகப் பாட வேண்டியது, அதை நீ பாடுகிறாயா பியூலா என்று கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். இன்னொரு தடவை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஜெபக்கனி அக்காவைப் பாடச் சொல்லிவிட்டார்.

நான் குழுவை விட்டு ஆறு வருடம் ஆகிறது. எடிட்டிங் வேலை கூடிப்போனதால் விட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினேன். போனை அகலவாக்கில் திருப்பி நிறுத்துங்கள். ஒரு காதில் சார் வாசித்த கீபோர்டைக் கேட்டுக்கொண்டே பாடுங்கள். பாடுவதற்கு முன் முகத்துக்கு நேராக ஒரே ஒரு தடவை ஓங்கிக் கைதட்டுங்கள்.

கைதட்டு எதற்கு என்று ஒன்பது பேர் கேட்டார்கள். பதினான்கு பேரின் கைதட்டும் ஒரே இடத்தில் வந்து விழுந்தால் பதினான்கு பாட்டும் ஒன்றாகத் தொடங்கும், அவ்வளவுதான். டெய்சி டீச்சர் மட்டும் மூன்று தடவை தட்டி அனுப்பியிருக்கிறார். பிள்ளைகளை அடக்கிய பழக்கம்.

செப்டம்பர் 6, வெள்ளி

பதினான்கும் வந்துவிட்டன. மும்பை அண்ணன் பாட்டில் குக்கர் விசில். கோவைத் தங்கச்சி பாட்டில் நாய். கடைசியாக வந்தது ஜெபக்கனி அக்காவுடையது. அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், வயது ஐம்பத்தெட்டு, புருஷன் இல்லை. ஒரே மகள் ஷைனி மஸ்கட்டில் நர்ஸ். முப்பது வருடமாகக் குழுவில் பின்வரிசையில் நிற்கிறார். தனியாகப் பாடுவது இதுதான் முதல் தடவை என்று ஊரே பேசுகிறது. முதல் தடவை இல்லை. அது இருக்கட்டும்.

இன்று முழுக்கத் தலைப்பகுதியை வெட்டினேன். கைதட்டுக்கு முன்னால் எல்லோரும் செருமுவார்கள், ஓடுதா என்பார்கள், போனைச் சாய்த்து வைத்து விழவைப்பார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் நான் கிழவியாகிவிடுவேன். திரையில் சத்தத்தின் கோடுகளைப் பார்த்தாலே கைதட்டு ஒரு முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதற்கு இடப்பக்கம் உள்ளதைக் கேட்காமலே தூக்கிவிடலாம். அக்காவுடையதில் மட்டும் முன்னால் இருபத்திரண்டு வினாடி. போனோடு மல்லுக்கட்டியிருப்பார்.

செப்டம்பர் 7, சனி

போனில் எடுக்கும் படம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முதல் சரணம் வரை உதடும் பாட்டும் ஒன்றாகப் போகின்றன. மூன்றாம் சரணத்தில் மும்பை அண்ணன் வாயை மூடிய பிறகும் பாடுகிறார். பதினான்கு படத்தையும் ஒரே வேகத்துக்கு மாற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

மதியம் ரசம் மட்டும்தான். எட்வின் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கட்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

குரல்களைச் சரிசெய்யத் தொடங்கினேன். பதிமூன்று பேருக்கும் பிரச்சினை இல்லை. எங்கே சுருதி இறங்குகிறதோ அங்கே லேசாகத் தூக்கிவிட்டால் போதும்.

அக்காவின் குரல்தான் வழிக்கு வரவில்லை. கனத்த குரல், அடுப்புப் புகை ஏறிய குரல். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகமாட்டார், வழுக்கிக்கொண்டே போவார். சுருதி திருத்தும் கருவி அந்த வழுக்கலையெல்லாம் தப்பு என்று எடுத்துக்கொண்டு படி படியாகச் செதுக்கிவிட்டது. கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு பாடுவதுபோல் இருக்கிறது. கருவியை எடுத்துவிட்டால் கீபோர்டுக்குக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறார்.

நூற்றைம்பதாவது வருடப் பாட்டு. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்ப்பார்கள். இப்படியே விட முடியாது. இது என் வேலையின் மானம் சம்பந்தப்பட்டது.

செப்டம்பர் 10, செவ்வாய்

எட்வின் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். புது மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

'ஓலைக் கூரையில் ஏற்றிய தீபம்' என்று தொடங்குகிறது இரண்டாம் சரணம். அதில் இரண்டே இரண்டு சொல்லை நான் பாடி, அக்காவின் குரலுக்கு நடுவில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தது. சரி, ஒரு வரி முழுவதும் பாடினால் தெரியாது என்று வரியைப் பாடினேன். அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தெரிந்தது. கடைசியில் சரணம் முழுக்கப் பாடியாகிவிட்டது.

பிறகு குரலின் கனத்தைக் கூட்டினேன். கருவியில் அதற்கொரு திருகு இருக்கிறது. திருகினால் இளைத்தவள் பருத்தவளாகலாம். மேலே அக்காவின் குரலைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், வாசனைக்குப் போடுவதுபோல் விட்டுவைத்தேன். கேட்டால் அக்கா மாதிரியே இருக்கிறது. அக்கா ஒரு நல்ல வாத்தியாரிடம் பத்து வருடம் படித்திருந்தால் எப்படிப் பாடுவாரோ அப்படி.

தொண்டை நன்றாகத்தான் இருந்தது. ஒருவேளை வெயில் காரணமாக இருக்கலாம்.

செப்டம்பர் 11, புதன்

நாள் முழுக்க அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரலை அக்காவின் உதட்டுக்கு ஏற்ப இழுத்தும் சுருக்கியும் சொல் சொல்லாகப் பொருத்தினேன். ஒரு பொம்பளையின் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. மேல் உதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. நீலச் சுண்ணாம்புச் சுவர் முன்னால், வெளுத்த வெள்ளைச் சேலையில், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி நிற்கிறார். பாடி முடித்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் பார்ப்பேன் என்று தெரிந்து சிரிப்பதுபோல் இருந்தது. வெட்டிவிட்டேன்.

ஒரே ஓர் இடம் மட்டும் பொருந்தவில்லை. 'ஏற்றிய' என்பதற்கும் 'தீபம்' என்பதற்கும் நடுவில் நான் மூச்சு எடுக்கிறேன். அக்கா எடுக்கவில்லை, வாய் திறந்தபடி ஒரே இழுப்பாகப் போகிறார். அரை வினாடி. அந்த அரை வினாடிக்குக் கோயில் கோபுரத்தின் படத்தைப் போட்டு மறைத்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மாவு புளித்துவிட்டது. எட்வினிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெள்ளைத் திரை கட்டி, பண்டிகைக்கு முன்னோட்டமாக வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் சரணம் வந்தபோது சத்தமே இல்லை. கைக்குழந்தைகூட அழவில்லை. டெய்சி டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தேவவரம் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முப்பது வருஷமா இந்தக் குரல பின்வரிசையில நிறுத்தி வச்சிருந்தேனே, என்னை என்ன சொல்றது என்று எல்லோரும் கேட்கச் சொன்னார்.

வெட்கம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது சந்தோஷம். ஆறு வருடம் கழித்து என் பாட்டைக் கேட்டு இந்தக் கோயில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. வெட்கம் அதற்குப் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கூட்டத்தில் என்னைத் தேடி ஒரு பார்வை பார்த்தார். வெளியே செருப்புப் போடும் இடத்தில், வேலை நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 18, புதன்

நினைக்காதது நடந்துவிட்டது. பண்டிகை அன்று சபையார் முன்னால் இரண்டாம் சரணத்தை அக்கா தனியாக, நேரில் பாட வேண்டும் என்று கமிட்டியில் முடிவெடுத்துவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள், முன்பு இங்கே போதகராக இருந்த பழைய ஐயர்மார், எல்லோரும் வருவார்கள். யூடியூபில் நேரலை. நான் சபையின் யூடியூபில் ஏற்றிய அந்த வீடியோவை ஷைனி ஸ்டேட்டஸில் வைத்து, ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து நேரலை பார்க்கப் போகிறாளாம்.

அக்கா முடியாது என்று சொல்லவில்லையா என்று சாரிடம் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டாராம்.

அக்காவால் அப்படிப் பாட முடியாது. அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும். ஊருக்கு முன்னால் நின்று வாயைத் திறந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஊர் முன்னால் அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 19, வியாழன்

எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டேன். எப்படித் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. தனிப்பாட்டு என்னுடையது. மேல் ஸ்தாயியில் ஓர் இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. உடைந்தது என்றால் சும்மா இல்லை, தகரத்தை இழுத்ததுபோல் ஒரு சத்தம். இளைஞர் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் வாயை மூடிவிட்டேன். கீபோர்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஜெபக்கனி அக்கா அந்த வரியை எடுத்தார். சுருதி சேரவில்லை, ஆனாலும் எடுத்து, கடைசி வரை பாடி முடித்தார். வாசலில் எல்லோரும் அக்கா கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்கள். அக்கா எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தொண்டைக்கட்டு. அந்த வாரமே குழுவை விட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கோயிலில் வடக்கு வாசல் வழியாகப் போய் வடக்கு வாசல் வழியாகவே வந்துவிட்டேன். அக்கா தெற்குப் பக்கம் உட்காருவார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வழி கிடைத்தது என்று நினைத்து அக்காவைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்துக்குப் போனேன். லேப்டாப்பிலிருந்து அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் விட்டுவிடுவேன், அக்கா மைக் முன்னால் நின்று வாயை மட்டும் அசைத்தால் போதும். கூட்டத்தில் சத்தம் சரியாக வராது, அதனால் இப்போதெல்லாம் எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அக்கா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நூற்றுப்பத்து முட்டை. நானும் உட்கார்ந்து உரித்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. பிறகுதான் பேசினார்.

"எனக்கு வாயசைக்கத் தெரியாதுட்டி. திரையில பாத்தேன்ல, 'ஏற்றிய' சொல்லிட்டு நீ மூச்செடுப்ப. நான் ஒரே இழுப்பா போயிருவேன். அந்த எடத்துல கோபுரத்தப் போட்டிருக்க."

என் கையிலிருந்த முட்டை உடைந்துவிட்டது. எப்போது தெரிந்தது என்று கேட்டேன். எத்தன வருஷம் ஒனக்குப் பின்னால நின்னு பாடிருக்கேன், ஒம் மூச்சு எனக்குத் தெரியாதா என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி வெளியே வந்திருப்பேன்.

"பாட்ட மாத்தினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. அது நாஞ் சொன்னதுதான. மூஞ்சிய எதுக்கு விட்டு வச்ச? அதான் எனக்கு வெளங்கல."

நாஞ் சொன்னதுதான என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. எதையாவது குழப்பிக்கொண்டிருப்பார். கேட்கவும் துணிவில்லை.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படின்னா ஞாயித்துக்கெழம நீயே வந்து பாடேன், நான் சார்ட்ட சொல்லுதேன் என்றார்.

தொண்டை சரியில்லை என்றேன்.

அக்கா முட்டை ஓடுகளை அள்ளி வாளியில் போட்டார். சரி போ, நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு அடுத்த முட்டையை எடுத்தார்.

செப்டம்பர் 26, வியாழன்

மூன்று தடவை சாருக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

எப்படி நடந்ததோ அப்படியே எழுதுகிறேன்.

கோயில் நிறைந்து, வெளியே பந்தலும் நிறைந்திருந்தது. நான் பீடத்துக்கு வலப்பக்கம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். நேரலை என் லேப்டாப் வழியாகத்தான் போகிறது. அக்கா அதே வெள்ளைச் சேலையில் வந்து மைக் முன்னால் நின்றார். ஐயர் அவரை அறிமுகப்படுத்தும்போது, நமக்கெல்லாம் தெரிந்த குரல் என்றார்.

அக்கா பாடினார். அவருடைய சொந்தக் குரலில் பாடினார். இரண்டாவது வரியிலேயே சுருதி இறங்கிவிட்டது. சார் கீபோர்டில் சத்தத்தைக் கூட்டித் தூக்கிப் பார்த்தார், அக்கா தன் போக்கில் போய்க்கொண்டிருந்தார். பந்தலில் ஆட்கள் முணுமுணுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. முன்பெஞ்சில் ஒரு சின்னப் பெண், வீடியோவில பாடினது வேற ஆளா என்று அம்மாவிடம் கேட்டது. அம்மா அதன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

சுருதி திருத்தும் கருவி என் விரலுக்குக் கீழேதான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் மஸ்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காவது அம்மா நன்றாகப் பாடுவதுபோல் கேட்கும். தட்டவில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை.

முடித்துவிட்டு அக்கா மைக்கிலேயே சொன்னார். "நாலு நாளா சளி. மன்னிச்சுக்கிடுங்க." எங்கள் ஊர் ஜனம் இரக்கம் உள்ள ஜனம். பாவம், இன்னைக்குப் பாத்தா தொண்ட கட்டணும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

அக்காவுக்குச் சளி இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை, இன்றும் இல்லை. என்னைக் காப்பாற்ற அக்கா பீடத்துக்கு முன்னால் நின்று பொய் சொன்னார். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து அந்தப் பொய்யை உலகமெல்லாம் அனுப்பினேன். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். என் முன்னாலும் ஒரு மைக் இருந்தது.

பிறகு அசனம், சபை விருந்து. பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் விட அதை நினைத்தால்தான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பசித்தது, சாப்பிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

அக்காவின் குரலை மறுபடி வீடியோவில் சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டினதில் கைவைக்க மனம் வரவில்லை. அக்கா அனுப்பிய கோப்பை முதலிலிருந்து எடுத்தேன். கைதட்டு வரைக்கும் தள்ளிவிடத்தான் போனேன். காபி டம்ளரை எடுக்கக் கை நகர்ந்ததில் அது தொடக்கத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது.

போனோடு மல்லுக்கட்டவில்லை. அக்கா பேசுகிறார். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"பியூலா, ஓடுதா இது? ஓடுது. ஏட்டி, இந்த சரணத்துக்கு நான் ஒம் பேரத்தான் சார்ட்ட சொன்னேன். ஒனக்குத் தொண்ட சரியில்லன்னுட்டார். நான் சும்மா பாடி வைக்கேன். ஒனக்கு சரியாச்சுன்னா எம் பாட்ட எடுத்துட்டு நீ பாடிப் போட்ரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சரி, கை தட்டுதேன்."

பிறகு கைதட்டு.

நாஞ் சொன்னதுதான என்று அக்கா சொன்னது இதைத்தான். நான் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்டுவிட்டு, அவர் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தை மட்டும் எதற்கோ விட்டுவைத்தேன் என்று நினைத்திருக்கிறார். கையில் கொடுத்ததை நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு திருடியிருக்கிறேன்.

பத்து தடவையாவது கேட்டிருப்பேன். எட்வின் வந்து பின்னால் நின்றார். அவரும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர், அன்னைக்கு நிச்சயதார்த்தம் முடிஞ்சு நான் வரும்போது ஃபேன் ஓடாம நீ வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்த, எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். நீ சொல்லுவன்னு இருந்தேன் என்றார். இந்த வீட்டில் எல்லோரும் நான் சொல்லுவேன் என்றுதான் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று எனக்குத் தொண்டைக்கட்டு இல்லை. பயிற்சியில் பாடியதை விடச் சுருதியை ஒரு கட்டை ஏற்றி வாசிக்கச் சொன்னது நான்தான். ஊர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

அக்டோபர் 2, புதன்

அக்காவின் குரலோடு புது வீடியோவை ஏற்றினேன். கோபுரத்தை எடுத்துவிட்டேன், 'ஏற்றிய தீபம்' இப்போது ஒரே மூச்சில் போகிறது. கடைசியில் அந்தச் சிரிப்பையும் திரும்பச் சேர்த்தேன். பழையதை நீக்கினேன். கீழே 'ஒலி திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

புது வீடியோவுக்குக் கீழே ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்: தயவுசெய்து பழையதைத் திரும்பப் போடுங்கள், அதில்தான் அந்த அம்மாவின் குரல் நன்றாக இருந்தது. ஒருவர், எடிட்டிங் செய்தவர் ஒரு நல்ல குரலைக் கெடுத்துவிட்டார் என்று திட்டியிருக்கிறார்.

ஷைனி ஒன்றும் எழுதவில்லை. ஓர் இதயம் மட்டும் போட்டிருக்கிறாள்.

அக்டோபர் 4, வெள்ளி

மாலை ஐந்தரைக்குப் பாடகர் பயிற்சி. லேப்டாப்பையும் சின்ன ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனேன். ஆறு வருடத்தில் அந்த அறையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. உள்ளூர்க்காரர்கள் எட்டுப் பேரும் இருந்தார்கள். அக்கா பின்வரிசையில் ஜன்னலோரம்.

ஐந்து நிமிடம் வேண்டும் என்று சாரிடம் கேட்டேன். முதலில் அக்காவின் குரலைத் தனியாகப் போட்டேன். பிறகு என் குரலைத் தனியாக, கனம் கூட்டாமல், நான் எப்படிப் பாடினேனோ அப்படியே போட்டேன். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து நான் செய்துவைத்ததைப் போட்டேன். விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. என் குரல் இவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனாலும் வாயால் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். வீடியோவில் பாடினது நான், அக்கா இல்லை. பண்டிகையில் அக்காவுக்குச் சளி இல்லை. எனக்காகச் சொன்னார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். டெய்சி டீச்சர் சத்தமாகவே சொன்னார்.

"நான் அழுதேனே பியூலா. யாருக்காக அழுதேன்னு இப்ப நான் எங்க போய்க் கேக்க?"

டீச்சர் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் அறிவிப்பு வாசிக்கும்போது இதை நானே எழுந்து சொல்ல வேண்டும் என்று சார் சொன்னார். சரி என்றேன்.

கடைசியாக அந்த இருபத்திரண்டு வினாடியைப் போட்டேன். இதைக் கேட்காமலே வெட்டிவிட்டேன் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னேன். அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. நான் கேட்டுவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். நான் செய்தது என்ன என்று அக்காவுக்கு முழுக்க விளங்கிய நிமிடம் அதுதான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் இந்த ஒரு மாதத்திலேயே பெரிய கஷ்டமாக இருந்தது. கும்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், அதுவும் பாட்டு மாதிரி ஊர் பார்க்கச் செய்வதாகிவிடும் என்று சும்மா நின்றேன்.

அக்காதான் முதலில் பேசினார்.

"இப்பத் தொண்ட எப்படி இருக்கு?"

"எனக்குத் தொண்டையில ஒண்ணும் இல்லக்கா. ஒருநாளும் இருந்ததில்ல."

அக்கா ஜன்னல் பக்கமாக ஓர் அடி தள்ளி நின்றார். அந்த இடம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இருந்தது. நான் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் நின்றேன்.